சாக்பீஸில் போட்ட அக்ரா அறை

ஆப்பிரிக்காவில் இருக்கும் அக்ராவுக்குப் போனது உங்கள் சித்தப்பா. அந்த ஊர் ஹோட்டலைப் பற்றி வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வது நான். இது என்ன கூத்து என்று போன பொங்கலுக்கு உங்களில் பெரியவள் கேட்டுவிட்டாள். "அப்பா பம்பாயவே பாத்ததில்ல. ஆப்பிரிக்காவுல ஜன்னலு எந்தப் பக்கம் இருக்குதுன்னு இவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் அம்மா கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். அன்றைக்கு நான் பேச்சை மாற்றிவிட்டேன். பிறகு சித்தப்பாவிடம் கேட்டேன். "எழுதுங்க சகலை, புள்ளைங்க தெரிஞ்சுக்கிட்டா என்ன இப்போ" என்றார். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நானும் சித்தப்பாவும் அக்கா தங்கையைக் கட்டிய சகலைகள். உடுமலைப்பேட்டைப் பக்கத்துத் தோப்பு வீட்டில் இருக்கும் உங்கள் அப்பிச்சிக்கு, அதாவது என் மாமனாருக்கு, இரண்டே பெண்கள், மகன் கிடையாது. அந்த வீட்டு விருந்தில் கூடத்தில் இலை போடும்போது சுவரோரமாக விழும் முதல் இலை மூத்த மாப்பிள்ளைக்கு. அதாவது எனக்கு. எனக்குப் பரிமாறிவிட்டுத்தான் கரண்டி அடுத்த இலைக்கு நகரும். உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். அப்போது எனக்கு நிலம் இல்லை, சொந்த வீடு இல்லை, படிப்பும் இல்லை. அந்த இலை ஒன்றுதான் இருந்தது.

பீளமேட்டில் மோட்டார் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் நான் பிட்டர். விற்ற பம்பைத் தோட்டத்துக்கே கொண்டுபோய்க் கிணற்றில் பூட்டி, தண்ணீர் எடுத்துக் காட்டிவிட்டு வருவது என் வேலை. சித்தப்பாவை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் நான்தான். அப்பிச்சி கேட்டுக்கொண்டார், நான் மேனேஜரிடம் சொன்னேன். சித்தப்பா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். இங்கிலீஷ் பேசுவார். சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே வேலையும் சுத்தமாகச் செய்ய ஆரம்பித்தார். அவர் வேலை தெரியாதவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்போதுதான் கம்பெனிக்கு கானா தேசத்திலிருந்து ஆர்டர் வந்தது. அங்கே அரசாங்கப் பண்ணை ஒன்றில் ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்க எங்கள் பம்புகள் வேண்டுமாம். பூட்டிக் கொடுக்க ஒரு பிட்டர் மூன்று மாதம் போய் இருக்க வேண்டும். நான்தான் போவேன் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒரு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டேன்.

மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"ஏனுங்க, அங்கெல்லாம் இங்கிலீஷ்லதான் பேசோணும். சின்னவரு போயிட்டு வரட்டும். நீங்க போயிட்டீங்கன்னா இங்க எனக்குக் கை ஒடிஞ்சாப்பல ஆயிருமுங்க" என்றார் என்னைப் பார்த்து.

நான் "சரிங்க" என்றேன்.

"இன்னொண்ணுங்க. இவரு தங்கறதுக்கு அக்ராவுல ஒரு ஹோட்டல் பாக்கோணும். வெளியூர் வேலைக்கெல்லாம் ஜாகை பாக்கறது நீங்கதானே. இதையும் நீங்களே பாத்துச் சொல்லீருங்க."

அதற்கும் "சரிங்க" என்றேன். வெளியே வந்தபோது அடிவயிற்றில் யாரோ பிரைமஸ் ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பம்பு அடிப்பதுபோல் இருந்தது. சித்தப்பா பின்னாலேயே வந்து, "நீங்க போவீங்கன்னுதானுங்க சகலை நானும் நெனச்சேன்" என்றார். மனதாரத்தான் சொன்னார். அது இன்னும் இரண்டு அடி பம்பு அடித்தது.

வீட்டில் உங்கள் அம்மாவிடம் சொன்னேன்.

"யாரு போனா என்னுங்க, நம்மூட்டுக்காரரு ஒருத்தர் போறாருன்னுதானே பேரு" என்றாள்.

"உன் தங்கச்சி ஊட்டுக்காரரு" என்றேன்.

"அந்த வெள்ளைச் சட்டையை அவருக்குக் குடுத்துபோடுங்க, பாவம், போற எடத்துல போட்டுக்குவாரு."

சட்டை தைக்கக் கொடுத்தது அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கொடுக்கவில்லை. அளவு சேராது என்று சொல்லிவிட்டேன்.

மேனேஜர் மூன்று ஹோட்டல்களின் விவரத்தாள்களை என் கையில் கொடுத்திருந்தார். ஒன்று கடலோரத்தில், மந்திரிகள் தங்குகிற மாதிரி இருந்தது. இன்னொன்று சந்தைக் கடைகளுக்கு மேலே, நம் ஊர் பஸ் ஸ்டாண்டு லாட்ஜ் போல. மூன்றாவது நடுத்தரம், மூன்று மாடி வெள்ளைக் கட்டடம், முன்னால் வராந்தா. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானும் சித்தப்பாவும் அந்தத் தாள்களை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"கடலோரத்துது நல்லாருக்குதுங்க" என்றார் சித்தப்பா.

"பம்பு பூட்டப் போறீங்களா, காத்து வாங்கப் போறீங்களா?"

"பாக்கத்தானுங்க சொன்னேன்."

"நடுவாலதுதான் நமக்குச் சரி. கிழக்கு பாத்த ரூமாக் கேக்கலாம். காலையில வெயிலு வந்து எழுப்பி உட்ரும்."

"எனக்குக் காலையில வெயிலு மூஞ்சில அடிச்சா ஆகாதுங்களே."

"ஆகும்" என்றேன்.

இப்படித்தான் எல்லாவற்றையும் நான் முடிவு செய்தேன். இரண்டாம் மாடி, பின்பக்கம், கிழக்கு ஜன்னல். தெருச் சத்தம் இருக்கக் கூடாது. சித்தப்பா நான் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் எழுதினார். பதில் வந்தது. அறை உண்டு. நீளம், அகலம், கட்டில், கொசுவலை, மேலே ஃபேன், மூலையில் முகம் கழுவும் தொட்டி. அறைக்குள் ஸ்டவ் பற்றவைக்க அனுமதி இல்லை.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பம்பு வெளியூர் போகும் முன்னால், அது உட்காரப் போகிற இடத்தை ஷெட் தரையில் அதே அளவில் சாக்பீஸால் வரைந்துகொள்வோம். மேடை எங்கே, போல்ட் எங்கே, குழாய் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று நடந்து பார்த்துக்கொள்வோம். அங்கே போய்த் தடுமாறக் கூடாது. ஒரு சனிக்கிழமை வேலை முடிந்ததும் நான் அந்த ஹோட்டல் அறையை அப்படி வரைந்துவிட்டேன். சுவர் வரைந்தேன், கதவு வரைந்தேன், கட்டில் போட்டேன். ஜன்னலுக்குக் கீழே, தாளில் இல்லாத ஒன்றையும் வரைந்தேன். ஒரு கல் மேடை. ஸ்டவ்வும் தண்ணீர்ப் பானையும் வைக்க ஒரு மேடை இல்லாமல் மூன்று மாதம் ஒரு மனுஷன் எப்படி இருப்பான்? ஸ்டவ் கூடாது என்று அவர்கள் எழுதியது தெரியும். இருந்தாலும் மேடை இல்லாத அறையை எனக்குப் பிடிக்கவில்லை.

கடைசல் மிஷினில் வேலை செய்பவர் வந்து கோட்டுக்கு வெளியே நின்று, "செருப்பைக் கழட்டோணுங்களா?" என்றார்.

"கதவு அந்தப் பக்கமுங்க. அது சுவரு."

"மன்னிச்சுக்குங்க, இருட்டுல தெரியல." கதவு வழியாக உள்ளே வந்தார். "கக்கூஸ் எங்கீங்க?"

"வெளிய, வராந்தாக் கடைசியில."

"அட, அப்ப நம்ம லைன் வீடாட்டந்தானுங்க. இதுக்கா கப்பல் தேசம் போறது?"

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்துக்கொண்டே கட்டில் ஓரம் போய் நின்று, ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். அவர் அங்கே நின்றது எனக்குத் தாங்கவில்லை. அது நான் போட்ட அறை. எல்லோரும் போன பிறகு நான் ஒருவனாக அந்தக் கட்டிலில், அதாவது சிமெண்டுத் தரையில், கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்தேன். திங்கட்கிழமை கூட்டுகிறவர்கள் அதை அழித்துவிட்டார்கள். எனக்கு அது அழியவில்லை.

அடுத்தது மூட்டை கட்டுவது. ஹோட்டலுக்குப் போகிறவனுக்கு எதுவும் வேண்டாம் என்று நானும் சித்தப்பாவும் எவ்வளவோ சொன்னோம். நம் வீட்டில் அதுவரை யாரும் ஹோட்டலில் தங்கியதில்லை. பழனி போனால் சத்திரம், ஈரோடு போனால் சொந்தக்காரர் வீடு. ஆகவே உடுமலையிலிருந்து சந்தகை மெஷின் வந்து சேர்ந்தது. இடியாப்பம் போன்ற சந்தகையைப் பிழிகிற மூன்று கால் இரும்புச் சாமான், தூக்கினால் தோள் இறங்கும். கூடவே பருப்புப் பொடி, ஒரு ஜமுக்காளம், கொள்ளு. எல்லாவற்றுக்கும் மேலே அப்பிச்சி ஒரு தகர டின் கொண்டுவந்தார். அதில் கோயமுத்தூர்க் குழாயில் பிடித்த சிறுவாணித் தண்ணீர்.

"மாமா, அங்க தண்ணி இருக்குமுங்க" என்றார் சித்தப்பா.

"இருக்கும் மாப்ள. அது தண்ணியாட்ட இருக்குமா? மொத வாரத்துக்காவது இதைக் குடிங்க. ஒடம்பு பழகற வரைக்கும்."

"மூணு மாசம் தண்ணி எறைக்கத்தான் நானே போறேனுங்க."

"அது பயிருக்கு. இது உங்களுக்கு."

கோயமுத்தூர் ஸ்டேஷனில் அந்த டின்னை ரயிலில் ஏற்றியது நான்தான். பம்பாய் போவதற்குள் சித்தப்பா அதைப் பெட்டியில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டாராம். வழியனுப்ப இரண்டு வேன் நிறைய ஆட்கள். மாலை, எலுமிச்சம்பழம். நான் ஈரோட்டுக்கும் கொள்ளேகாலத்துக்கும் எத்தனை தடவை போயிருக்கிறேன், ஒரு வாழைப்பழம் கொடுத்து யாரும் அனுப்பியதில்லை. ரயில் நகரும்போது சித்தப்பா ஜன்னலில் கைகாட்டி, "ரூமு எப்படி இருக்குதுன்னு வந்து சொல்றேனுங்க சகலை" என்று கத்தினார். எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

அந்த மூன்று மாதமும் நான் எங்கே வேலைக்குப் போனாலும் அந்த அறையோடுதான் போனேன். காலையில் கண் விழித்தால், அங்கே இப்போது கிழக்கு ஜன்னலில் வெயில் வந்திருக்காது, நமக்கு அப்புறம்தான் அவர்களுக்கு விடியும் என்று நினைப்பேன். சித்தப்பாவின் கடிதங்களை உங்கள் சின்னம்மா கொண்டுவந்து காட்டுவாள். சௌக்கியம், பம்பு நன்றாக ஓடுகிறது, எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும் என்று இருக்கும். அறையைப் பற்றி ஒரு வரி இருக்காது. ரொம்பச் சொகுசாக இருக்கிறது, எனக்கு வருத்தமாக இருக்கும் என்று மறைக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். அப்படி எண்ணியது பொறாமையை இன்னும் கிளறிவிட்டது.

அவர் திரும்பி வந்ததும் தோப்பு வீட்டில் விருந்து. கிடா வெட்டினார்கள். கூடத்தில் இலை விழுந்தது. நான் வழக்கம்போலச் சுவரோரம் போனேன். அப்பிச்சி சித்தப்பாவின் கையைப் பிடித்து, "இன்னைக்கு இவரு இப்படி உக்காரட்டும். அத்தனை தூரம் போயிட்டு வந்துருக்காரு" என்றார். என்னைப் பார்த்து, "நீங்க தப்பா நெனச்சுக்காதீங்க மாப்ள" என்றார்.

"அதுக்கென்னுங்க மாமா" என்று இரண்டாவது இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். சித்தப்பா தயங்கினார், "வேண்டாமுங்க மாமா" என்றுகூடச் சொன்னார். கரண்டி அவர் இலையில் முதலில் இறங்கியது. கறிக்குழம்பு எனக்கு அடுத்ததாக வந்தது. அதே குழம்புதான். எனக்கு உப்பு உறைப்பு தெரியவில்லை.

"இப்பச் சொல்லுங்க, ஹோட்டல் எப்படி இருந்துச்சு?" என்று அப்பிச்சி ஆரம்பித்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் வந்திருந்தார்கள். சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"நல்ல ரூமுங்க. ரெண்டாம் மாடி. கதவைத் திறந்தா எதுக்கால கட்டிலு. மேல ஃபேனு. கிழக்கால ஒரு ஜன்னலு, காலையில வெயிலு உள்ளயே வந்துருமுங்க."

"அப்புறம்?"

"ஜன்னலுக்குக் கீழ ஒரு கல் மேடை. அதுலதான் தண்ணி வெச்சுக்குவனுங்க."



அந்த மேடை அக்ராவில் இல்லை. எங்கள் ஷெட் தரையில் நான் சாக்பீஸால் போட்டது அது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. அங்கே தங்காத மனுஷன் நான் போட்ட அறையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை கேட்டால் போதும். "மேடை எந்தக் கல்லுங்க சகலை?" என்று கேட்டால் போதும், அந்த முதல் இலை என்னிடம் திரும்பி வந்துவிடும். வாய்வரை வந்தது. அவர் எங்கேதான் படுத்தார் என்று தெரிந்துகொள்ளாமல் கேட்க மனம் வரவில்லை. சோற்றோடு சேர்த்து விழுங்கினேன்.

சாப்பிட்டு எல்லோரும் கூடத்திலேயே பாய் போட்டுச் சாய்ந்தோம். நானும் சித்தப்பாவும் பக்கத்தில் பக்கத்தில். தோப்புக் கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவர் உடனே தூங்கிவிட்டார், எனக்கும் கண் சொருகியது. திடீரென்று கரண்ட் போய் மோட்டார் நின்றது. நானும் அவரும் ஒரே நேரத்தில் எழுந்து உட்கார்ந்தோம். அவர் கை தலைமாட்டில் ஸ்பானரைத் தேடியது.

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "ரெண்டு மாப்ளையும் பொம்மையாட்ட எந்திரிக்கறாங்க பாரு!" என்றாள் உங்கள் சின்னம்மா.

எனக்கு மட்டும் புரிந்தது. எங்கள் பிட்டர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. புதுப் பம்பு முதல் ராத்திரி ஓடும்போது பூட்டியவன் அதன் பக்கத்திலேயே படுக்க வேண்டும். தண்ணீர் கசிந்தாலும், சத்தம் மாறினாலும், நின்றாலும் தூக்கத்திலேயே தெரிய வேண்டும். அதனால் வெளியூர் வேலையில் ஜாகை எங்கே பார்த்திருந்தாலும் எங்களுக்குப் படுக்கை மோட்டார் ரூமில்தான். மூன்று மாதம் ஹோட்டல் கட்டிலில் படுத்தவன் மோட்டார் நின்றதும் இப்படி எழுந்திருக்கமாட்டான். இதை நினைக்காமல் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து மாடி, ஜன்னல், மேடை என்று திட்டம் போட்டிருக்கிறோம். நான் உட்பட. நான்தான் முதலில்.

"வாங்க சகலை, மோட்டாரைப் பாத்துட்டு வரலாம்" என்று கூட்டிக்கொண்டு தோப்புக்குப் போனேன். கரண்ட் இல்லாதபோது மோட்டாரில் பார்க்க என்ன இருக்கிறது? அவரும் வந்தார்.

"எத்தன நாளுங்க ஹோட்டல்ல?" என்றேன்.

அவர் தென்னைமரத்தில் சாய்ந்துகொண்டார். "ரெண்டு ராத்திரிங்க. தூக்கமே வரல. அப்புறம் பண்ணைக்குப் போயிட்டனுங்க. ஆத்தோரமா ஒரு தகரச் சாளை, நம்ம தோட்டத்துக் கொட்டாயாட்ட. ஒரு பம்பு ஓட ஆரம்பிச்சா அடுத்த பம்பு. அங்கயே படுத்துக்கிட்டேன். ஹோட்டல்ல என் பெட்டியும் அந்தச் சந்தகை மெஷினும் மட்டுந்தானுங்க மூணு மாசம் தங்கிச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்.

"அப்ப ஏனுங்க அங்க கூடத்துல அப்படிச் சொன்னீங்க?"

"எல்லாரும் எவ்வளவு ஆசையா மூட்டை கட்டி அனுப்புனாங்க. நீங்க தரையில கோடு போட்டு ரூமே கட்டிக் குடுத்தீங்க. தகரச் சாளையில படுத்தேன்னு எப்படிங்க சொல்றது? நீங்க போட்டது அப்படியே நெனப்புல இருந்துச்சு, அதையே சொல்லிப்போட்டேன்."

பிறகு நான் கேட்காமலே அந்தச் சாளையைப் பற்றிச் சொன்னார். ராத்திரி ஆறு வேறு மாதிரி சத்தம் போடுமாம். பண்ணை ஆட்கள் பம்பைச் சுற்றி உட்கார்ந்து, மோட்டார் சத்தத்துக்கே தாளம் தட்டிப் பாடுவார்களாம். முதல் தண்ணீர் குழாயில் வந்தபோது ஒரு கிழவர் இரண்டு கையிலும் ஏந்தி, முதலில் சித்தப்பாவுக்குத்தான் குடிக்கக் கொடுத்தாராம்.

ஹோட்டலின்மேல் இருந்த பொறாமை அந்த நிமிஷமே போய்விட்டது. அது போன இடத்தில் அதைவிடப் பெரியது வந்து உட்கார்ந்தது. ஹோட்டல் எனக்கு வராத இடம், அது யாருக்கோ. அந்தத் தகரச் சாளை என் இடம். அந்தத் தண்ணீர் என் கைக்கு வர வேண்டியது. "நல்லாருந்துச்சுங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"சொல்லத் தெரியலீங்க" என்றார்.

சாயந்திரம் கரண்ட் வந்து மோட்டார் ஓட ஆரம்பித்தது. பலகாரத்துக்கு மறுபடி இலை போட்டார்கள். புதிதாக நாலைந்து பேர் வந்திருந்தார்கள், ஹோட்டல் கதை கேட்க. சித்தப்பா நேராக இரண்டாவது இலையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"அட, இங்க வாங்க மாப்ள, சொல்லுங்க" என்றார் அப்பிச்சி.

"எங்க சகலையைக் கேளுங்க மாமா. ரூமு போட்டவரே அவருதான். என்னையவிட அவருக்குத்தான் நல்லாத் தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முதல் இலையில் உட்கார்ந்தேன். சந்தகை வந்தது, தேங்காய்ப் பால் ஊற்றினார்கள். நான் சொன்னேன். வராந்தாவைச் சொன்னேன், படிக்கட்டைச் சொன்னேன், கொசுவலை காற்றில் ஆடுவதைச் சொன்னேன், கல் மேடையின் மேல் காலை வெயில் எப்படி விழும் என்று சொன்னேன். அப்பிச்சி வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். உங்கள் அம்மா கதவோரம் நின்று, "நீங்க எப்பங்க போயிட்டு வந்தீங்க?" என்றாள். ஒரே சிரிப்பு. அன்றிலிருந்து ஹோட்டல் கதை என்னுடையதாகிவிட்டது. அந்த இலையும் என்னிடமே இருந்துவிட்டது.

பெரியவளே, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நான் ஹோட்டலைச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் முழுக்கச் சித்தப்பாவின் இலையில் சந்தகை அப்படியே இருந்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்து, தோப்பில் ஓடுகிற மோட்டாரைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியும். அங்கே நான் எந்தக் கோடும் போட்டுவைக்கவில்லை. முதல் இலையை நீங்கள் எடுத்துக்கொண்டு அந்தச் சாளையில் ஒரு ராத்திரி எனக்குக் கொடுங்கள் என்று அப்போதே கேட்டிருப்பேன். கேட்டால் கொடுக்கக்கூடிய சாமான் இல்லை அது.